விதியின் மேல் பழி போடும் மௌனம்

மரண அறிவித்தல் நுழையாத புலம்பெயர் தமிழர் வீடு இல்லை. யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவையோ இலண்டனையோ ஒஸ்லோவையோ வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கும் அந்த அறிவித்தல்களில் பிறந்த ஊர் இருக்கும். பெற்றோர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சம்பந்திகள் என அத்தனை பெயர்களும் ஒழுங்காக இருக்கும். ஒன்று மட்டும் இராது. ஐம்பது வயதையும் எட்டாத அந்தத் தாயை எந்த நோய் கொண்டு சென்றது என்பதுதான் அது. செத்த வீட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இரு புறமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்த வருத்தந்தான்" என்பார்கள்.

அந்த வருத்தத்துக்குப் பெயர் உண்டு. அது புற்றுநோய். அந்தப் பெயரை உச்சரிக்க அஞ்சும் ஒரு சமூகம் அந்த நோயோடு எவ்வாறு போரிட முடியும்? உலக நாடுகளின் புற்றுநோய் இறப்பு வீதங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கும் எவருக்கும் ஓர் உண்மை தெளிவாகும். புற்றுநோய் வருவதில் நமது கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் அதனால் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை மனிதர்களின் முடிவுகளே. அரசுகளின் முடிவுகள், சமூகங்களின் முடிவுகள், குடும்பங்களின் முடிவுகள். இதை மறந்து, எல்லாவற்றையும் தலைவிதியின் மேல் போட்டுவிட்டு அந்தியேட்டிக்கு நாள் பார்க்கும் நமது வழக்கத்தை இக்கட்டுரை கேள்விக்கு உட்படுத்துகிறது.

"வெள்ளைக்காரரின் நோய்" என்னும் மயக்கம்

நம்மவரிடையே நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை உலவுகிறது. புற்றுநோய் மேற்கு நாட்டவரின் நோய். மஞ்சளும் மிளகும் உண்ணும் நம்மை அது அவ்வளவாக அண்டாது என்பதே அது. இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாகச் சிலர் புள்ளிவிபரங்களையும் காட்டுகின்றனர். செல்வந்த நாடுகளில் புற்றுநோய் கண்டறியப்படுவோரின் விகிதம் ஆசிய, ஆபிரிக்க நாடுகளை விட உயர்ந்திருப்பது உண்மைதான். ஆனால் நோய் ஏற்படும் வீதம் என்பது வேறு. நோயினால் இறக்கும் வீதம் என்பது வேறு. முதலாவதை மட்டும் பார்த்து மகிழ்பவன் இரண்டாவதில் அகப்பட்டுக் கொள்கிறான்.

உலக சுகாதார அமைப்பின் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2022 ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட மதிப்பீடுகளின்படி, அவ்வாண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 97 இலட்சம் பேர் இறந்தனர். ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறது. ஆண்களில் 9 பேருக்கு ஒருவரும், பெண்களில் 12 பேருக்கு ஒருவரும் இதனால் சாகின்றனர். நுரையீரற் புற்றுநோய் மட்டும் 18 இலட்சம் உயிர்களைக் கொண்டு சென்றது. பெருங்குடற் புற்றுநோய் 9 இலட்சம், ஈரற் புற்றுநோய் 7 இலட்சத்து 60 ஆயிரம், மார்பகப் புற்றுநோய் 6 இலட்சத்து 70 ஆயிரம், இரைப்பைப் புற்றுநோய் 6 இலட்சத்து 60 ஆயிரம் என அந்தப் பட்டியல் நீள்கிறது.

இவற்றுள் மார்பகப் புற்றுநோயை மட்டும் எடுத்துக் கொள்வோம். மனித மேம்பாட்டில் மிக உயர்ந்த நிலையிலுள்ள நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு இந்நோய் கண்டறியப்படுகிறது. 71 பெண்களில் ஒருவர் இதனால் இறக்கிறார். மிகத் தாழ்ந்த நிலையிலுள்ள நாடுகளிலோ 27 பெண்களில் ஒருவருக்குத்தான் கண்டறியப்படுகிறது. ஆனால் 48 பெண்களில் ஒருவர் இறக்கிறார். இந்த நான்கு எண்களையும் மீண்டும் ஒரு முறை படியுங்கள். நோய் குறைவாகக் காணப்படும் இடத்தில் சாவு கூடுதலாக இருக்கிறது.

இரு பெரிய நாடுகளை ஒப்பிட்டாலும் இதே காட்சிதான். 2022 இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இறந்தோர் ஏறத்தாழ 43 ஆயிரம். இந்தியாவில் கண்டறியப்பட்டோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 92 ஆயிரம்; இறந்தோரோ 98 ஆயிரம். அங்கே ஆறு பேருக்கு ஒருவர் என்னும் அளவு. இங்கே இருவருக்கு ஒருவர்.

எதிர்வாதம் ஒன்று எழலாம். செல்வந்த நாடுகளில் முதியோர் தொகை அதிகம். முதுமையில் புற்றுநோயும் அதிகம். பரிசோதனைகள் பரவலாக நடைபெறுவதால், உயிருக்கு ஊறு செய்யாத மெல்ல வளரும் கட்டிகளும் அங்கே கணக்கில் சேர்கின்றன. இவை இரண்டும் உண்மையே. இவற்றை மறைத்து வாதிடுவது நேர்மையாகாது. வெவ்வேறு நாடுகளை ஒப்பிடும்போது வயது வேறுபாட்டைச் சரிசெய்த வீதங்களையே அறிஞர்கள் பயன்படுத்துவதும் இதனால்தான். ஆனாலும் 71 இல் ஒன்று, 48 இல் ஒன்று என்னும் இரண்டும் சாவின் எண்ணிக்கைகள். கண்டறிதலில் உள்ள கூடுதல் குறைவு சாவை மாற்றி எழுதிவிடாது. முற்றிய பின் வருபவளும், வந்தும் மருந்து கிடைக்காதவளும் சாகிறாள் என்பதே அந்த எண்களின் பொருள்.

ஐந்து அயல் நாடுகள் சொல்லும் சாட்சியம்

"செல்வந்த நாடு, ஏழை நாடு என்பதுதானே வேறுபாடு? நாம் என்ன செய்ய முடியும்?" என்று கேட்போர் வட ஐரோப்பாவின் வரலாற்றைச் சற்று நோக்க வேண்டும். ஐஸ்லாந்து, பின்லாந்து, சுவீடன், டென்மார்க், நோர்வே ஆகிய ஐந்தும் அயல் நாடுகள். வாழ்க்கைத் தரம், உணவு, மருத்துவ வசதி ஆகியவற்றில் ஒன்றையொன்று ஒத்தவை. 1960களில் இவற்றுட் சில, பெண்களைக் கிரமமாக அழைத்துக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான முற்கூட்டிய பரிசோதனையை நடத்தத் தொடங்கின.

1965 இற்கும் 1982 இற்கும் இடையில் நிகழ்ந்தவற்றை ஆராய்ந்தவர்கள் 1987 இல் லான்செற் மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். விரிந்த வயதெல்லையில், அடிக்கடி அழைத்துச் சோதித்த ஐஸ்லாந்தில் இந்நோயால் இறக்கும் வீதம் 80 விழுக்காடு வீழ்ந்தது. பின்லாந்தில் 50 விழுக்காடு. சுவீடனில் 34 விழுக்காடு. மக்களில் ஒரு பகுதியினரையே திட்டத்துக்குள் கொண்டு வந்த டென்மார்க்கில் 25 விழுக்காடு. மக்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரை மட்டுமே ஒழுங்கமைந்த திட்டம் எட்டிய நோர்வேயில் வெறும் 10 விழுக்காடு. நோர்வே தனது நாடு தழுவிய திட்டத்தை 1995 இற்றான் தொடங்கியது.

தலைவிதி என்ன, எல்லைக் கோட்டைப் பார்த்தா எழுதப்படுகிறது? ஒரே குளிர், ஒரே மீன், ஒரே வகை மனிதர். அழைப்புக் கடிதம் அனுப்பிய நாட்டில் தாய்மார் பிழைத்தனர், அனுப்பாத நாட்டில் மாண்டனர். அவ்வளவுதான் வேறுபாடு.

இன்று அந்த அழைப்புக் கடிதம் நமது வீடுகளுக்கும் வருகிறது. அது எங்கே போய்ச் சேருகிறது? விளம்பரத் தாள்களோடு குப்பைத் தொட்டிக்குள். இங்கிலாந்திலும் கனடாவிலும் நடந்த ஆய்வுகள், தெற்காசியப் பெண்கள் இத்தகைய பரிசோதனைகளுக்கு ஏனையோரை விடக் குறைவாகவே செல்கின்றனர் என்று திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. ஒரு காலத்தில் நோர்வே அரசு அழைக்காமல் விட்டது. இன்று அரசு அழைத்தும் நாம் போகாமல் விடுகிறோம். இந்தப் பழியை எந்த விதியின் மேல் சுமத்துவது?

திண்டுக்கல்லில் முடிந்தது

இது பெரும் பணமும் பெரும் இயந்திரங்களும் கொண்ட நாடுகளுக்கே இயலும் என்று கருதுவோர் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தை நினைவிற் கொள்ள வேண்டும். 2000 ஆம் ஆண்டில் அங்கே 30 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களிடையே ஒரு பெரும் ஆய்வு தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற தாதியர் நீர்த்த அசற்றிக் அமிலத்தை, அதாவது சமையலறை வினாகிரியின் சாரத்தை, கருப்பைக் கழுத்தில் தடவி, வெண்மையாக மாறும் இடத்தை வெறுங் கண்ணால் நோக்கினர். புற்றுக்கு முந்திய மாற்றம் தென்பட்டவர்களுக்கு உடனடியாகச் சிகிச்சை அளிக்கப்பட்டது. 2007 இல் முடிவுகள் வெளிவந்தன. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் ஏற்பட்ட இறப்பு, ஏனைய ஊர்களை விட 35 விழுக்காடு குறைந்திருந்தது.

வயலிலும் ஆலையிலும் உழைக்கும் பெண்கள் அவர்கள். கூச்சம் அவர்களுக்கு இல்லையா? நாணம் அவர்களுக்கு இல்லையா? இருந்தும் பல்லாயிரக் கணக்கில் வந்தனர். வாகனமும் குடும்ப வைத்தியரும் இலவச மருத்துவமும் உள்ள நாடுகளில் வாழும் நாம், "எனக்கு ஒன்றும் இல்லை, ஏன் வீணாகப் போக வேண்டும்?" என்கிறோம். வருத்தம் தெரியாத காலத்தில் போவதற்காகவே அந்தச் சோதனை இருக்கிறது.

ஆண்களே, உங்களுக்கும் தான்

பெண்களின் கூச்சத்தைப் பற்றிப் பேசும்போது ஆண்கள் தலையாட்டிக் கொண்டிருப்பது வழக்கம். ஆனால் உலகெங்கும் புற்றுநோயால் இறப்பதில் ஆண்களே முந்துகின்றனர். புகை, மது, வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடும் வீறாப்பு ஆகியன இதற்குப் பெருங் காரணங்கள்.

புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் றிச்சட் டோல், பிறாட்போட் ஹில் ஆகிய இருவரும் 1950 இல் வலுவாக நிறுவினர். அமெரிக்காவில் 1964 இல் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கைக்குப் பின்னர் புகைப்போர் தொகை குறையத் தொடங்கியது. புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும் நோயாகையால் பலனும் தாமதித்தே வந்தது. 1991 இல் உச்சத்தைத் தொட்ட அமெரிக்காவின் மொத்தப் புற்றுநோய் இறப்பு வீதம் 2022 வரையில் 34 விழுக்காடு வீழ்ந்துள்ளது. புகைத்தல் குறைந்தமையும், முற்கூட்டிய கண்டறிதலும், மேம்பட்ட சிகிச்சையும் சேர்ந்து ஏறத்தாழ 45 இலட்சம் சாவுகளைத் தவிர்த்தன. ஆண்களுக்குப் பின்னரே பெண்கள் அங்கே புகைக்கத் தொடங்கினர். ஆகவே அவர்களது நுரையீரற் புற்றுநோய்ச் சாவு உயர்ந்ததும் பின்னர், தணிந்ததும் பின்னர். ஆண், பெண் என்னும் வேறுபாட்டின் பின்னால் உடலமைப்பு மட்டும் இல்லை, வெண்சுருட்டும் இருந்தது.

நமக்கென்று ஒரு நஞ்சும் உண்டு. வெற்றிலை பாக்கு. மங்கலப் பொருள் என்று தட்டத்தில் வைக்கிறோம். மெல்லும்போது அது மங்கலம் செய்வதில்லை. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், தனிப் பாக்கும் கூட மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்பதற்கும், இந்தியாவில் அது 2022 இல் மட்டும் ஏறத்தாழ 80 ஆயிரம் உயிர்களைப் பறித்ததற்கும் இதுவே முதன்மைக் காரணங்களுள் ஒன்று. திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லி நோக்கியதனாலேயே, புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 விழுக்காடு குறைந்தது என 2005 இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது செந்நிறப் படலமோ இருப்பின் பல் வைத்தியரிடமாவது காட்டுங்கள். வார இறுதிக் கொண்டாட்டங்களில் மதுப் புட்டியை நடுவில் வைப்போரும் ஒன்றை அறிந்து கொள்ளட்டும்: மதுவும் புற்றுநோய்க் காரணி என அதே நிறுவனம் 1988 இலேயே அறிவித்துவிட்டது.

இடம் பெயரும்போது நோயும் பெயரும்

புலம்பெயர்ந்தோருக்கு இந்தப் புள்ளிவிபரங்கள் தரும் பாடம் தனியானது. யப்பானில் இரைப்பைப் புற்றுநோய்ச் சாவு மிக அதிகமாகவும், பெருங்குடல், மார்பகப் புற்றுநோய்ச் சாவுகள் குறைவாகவும் இருந்த காலத்தில், அமெரிக்காவிற் குடியேறிய யப்பானியரின் இறப்புகளை ஹென்செல், குரிகாரா என்னும் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1968 இல் வெளியிட்டனர். குடியேறியோரிடையே இரைப்பைப் புற்றுநோய் குறைந்தது. அவர்களின் பிள்ளைகளிடம் மேலும் குறைந்தது. பெருங்குடற் புற்றுநோயோ அமெரிக்கரின் அளவை நோக்கி உயர்ந்தது. குருதி மாறவில்லை, உணவும் வாழ்வும் மாறின. நோயும் மாறிற்று.

ஆகவே, "எங்கள் பரம்பரையில் யாருக்கும் இது இல்லை" என்னும் ஆறுதல் செல்லாக் காசு. அப்பாச்சி வயல் வரம்பில் நடந்தார். பேத்தி வாகனத்திலும் கணினியின் முன்னும் அமர்ந்திருக்கிறாள். அப்பாச்சி எட்டுப் பிள்ளைகளுக்குப் பாலூட்டினார். பேத்திக்கு முதற் குழந்தை முப்பத்தைந்தில். இவை குற்றங்கள் அல்ல. ஆனால் மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டும் மாற்றங்கள். வாழ்வைப் புதிய நாட்டுக்கேற்ப மாற்றிக் கொண்ட நாம், பரிசோதனைப் பழக்கத்தில் மட்டும் பழைய ஊரிலேயே நிற்பது அறிவுடைமையா?

பிள்ளைகளுக்கு மறுக்கப்படும் ஊசி

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு ஒரு வைரசே காரணம் என்று கண்டறிந்த யேர்மனிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவ்வைரசைத் தடுக்கும் ஊசி இன்று பல நாடுகளின் பாடசாலைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் இவ்வூசி பெற்ற பெண்களிடையே இப்புற்றுநோய் 87 விழுக்காடு குறைந்தது என 2021 இல் ஆய்வு வெளிவந்தது. ஸ்கொட்லாந்தில் 1988 இற்கும் 1996 இற்கும் இடையிற் பிறந்து, அதே வயதில் முழுமையாக ஊசி பெற்ற பெண்களில் ஒருவருக்கேனும் இந்நோய் காணப்படவில்லை என்று 2024 இல் அறிவிக்கப்பட்டது. ஒரு புற்றுநோய் ஒரு தலைமுறையிலிருந்து அழிக்கப்படுவதை நாம் கண்முன்னே காண்கிறோம்.

இருந்தும் நம் பெற்றோரிற் சிலர் பாடசாலையிலிருந்து வரும் ஒப்புதற் படிவத்திற் கையெழுத்திட மறுக்கின்றனர். "என் பிள்ளை அப்படிப்பட்டவள் அல்லள்" என்பது அவர்கள் வாதம். பெற்றோரே, இவ்வைரசு ஒழுக்கம் பார்த்து வருவதில்லை. தன் கணவனையன்றி வேறொருவரை அறியாத பெண்ணுக்கும் இது கணவனிடமிருந்து வரலாம். போலியோ ஊசி போட்டபோது பிள்ளையின் நடத்தையைப் பற்றி எவரும் கேட்கவில்லையே. இதற்கு மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? இலங்கையிலேயே 2017 முதல் ஆறாம் தரத்துச் சிறுமியருக்கு இவ்வூசி வழங்கப்படுகிறது. ஊரிலுள்ள தங்கை மகளுக்குக் கிடைக்கும் காப்பை உங்கள் மகளுக்கு நீங்களே மறுக்கலாமா? ஆண் பிள்ளைகளுக்கும் தொண்டை முதலிய இடங்களில் இவ்வைரசு புற்றுநோயை உண்டாக்கும். ஆகவேதான் ஒன்ராறியோவில் 2016 முதலும், இங்கிலாந்தில் 2019 முதலும் அவர்களுக்கும் இது கொடுக்கப்படுகிறது.

இளையோரே, மொழிபெயர்ப்பில் பொய் கலவாதீர்

இனி உங்களிடம். வைத்தியர் முன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மொழிபெயர்ப்பவர்கள் நீங்கள். வைத்தியர் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ நோர்வேஜிய மொழியிலோ புற்றுநோய் என்கிறார். நீங்கள் தமிழில் "சின்னக் கட்டி" என்கிறீர்கள். அன்பினால் செய்கிறீர்கள் என்பதை அறிவோம். மாமாக்களும் சித்திகளும் அவ்வாறு சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்துவதையும் அறிவோம். ஆனால் தன் உடலில் என்ன நடக்கிறது என்று அறியாத தாய் எந்தச் சிகிச்சையைத் தேர்வாள்? சின்னக் கட்டிக்கு ஏன் தலைமுடி கொட்டும் மருந்து என்று கேட்டு, இடைநடுவில் நிறுத்திவிட்டால் பொறுப்பு யாருடையது? வைத்தியசாலைகளிற் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பல நாடுகளில் அது நோயாளியின் உரிமை. உங்கள் தோள்கள் தாங்கக் கூடாத சுமையை இறக்கி வையுங்கள்.

பெயரை மறைப்பதற்குச் சொல்லப்படும் மற்றொரு காரணம் பெண்பிள்ளைகளின் திருமணப் பேச்சு. தாய்க்கு இந்நோய் என்றால் மகளை யார் எடுப்பார் என்னும் அச்சம். ஆனால் குடும்ப வழி வரும் ஆபத்து உண்டா என்பதை அறிய வேண்டியவள் அந்த மகள்தானே! மறைக்கப்பட்ட உண்மை அவளது திருமணத்தைக் காக்கலாம்; அவளது உயிரைக் காக்காது.

நூறு ஆண்டுகளுக்கு முன் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தை அவர் "அந்த வருத்தம்" என்று மூடி வைக்கவில்லை. அதைப் பெயர் சொல்லி, ஊரறியப் பேசி, 1954 இல் அடையாற்றில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையையே எழுப்பினார். நமக்கு முன்னோடி தேவையென்றால் அவர் இருக்கிறார்.

செய்ய வேண்டியவை

இங்கிலாந்தில் வாழ்வோர்: 25 முதல் 64 வயது வரை கருப்பைக் கழுத்துச் சோதனை, 50 வயதிலிருந்து 71 ஆம் பிறந்தநாள் வரை மூன்றாண்டுக்கு ஒரு முறை மார்பகச் சோதனை, 50 முதல் 74 வரை ஆண் பெண் இருபாலாருக்கும் ஈராண்டுக்கு ஒரு முறை வீட்டுக்கே வரும் குடற் சோதனைப் பொதி. ஒன்ராறியோவில் 40 வயதிலிருந்து பெண்கள் வைத்தியரின் கடிதமின்றியே மார்பகச் சோதனைக்குப் பதியலாம். ஏனைய நாடுகளில் உள்ளோர் குடும்ப வைத்தியரை இந்தக் கிழமையே கேளுங்கள். பெண் வைத்தியர் அல்லது பெண் தாதி வேண்டுமெனில் கேட்கத் தயங்காதீர்கள்.

கோவில்களே, ஊர்ச் சங்கங்களே, வானொலிகளே! தேர்த் திருவிழாவுக்கும் ஒன்றுகூடலுக்கும் ஆயிரக் கணக்கில் மக்களைத் திரட்டும் வல்லமை உங்களுக்கு உண்டு. அங்கே ஒரு மேசை போட்டு, தமிழறிந்த ஒரு தாதியை இருத்தி, சோதனைக்குப் பெயர் பதிய இயலாதா? நாம் வாழும் நாடுகளின் சுகாதாரத் துறைகளிடமும் ஒரு கோரிக்கையை வைப்போம். தெற்காசியர் என்னும் ஒரே பெட்டிக்குள் எம்மைப் போட்டு மூடாமல், எமது மொழியில் எம்மை அழையுங்கள். எம்மவர் எந்தப் புற்றுநோயால், எந்த வயதில், எந்தக் கட்டத்தில் சாகின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணப்படாத சாவு எவருடைய திட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

அந்த எண்ணிக்கை நம்மிடமிருந்தே தொடங்கட்டும். அடுத்த முறை ஒரு மரண அறிவித்தல் எழுத நேர்ந்தால், ஊர்ப் பெயருக்கும் உறவினர் பெயருக்கும் அருகில் நோயின் பெயரையும் துணிந்து எழுதுங்கள். அதைப் படிக்கும் எங்கோ ஒரு பெண் தன் மார்பில் தட்டுப்படும் கட்டியை நினைத்துத் தொலைபேசியைக் கையில் எடுப்பாள். இறந்தவர் செய்யக்கூடிய கடைசி நன்மை அது. அதை மறைக்க நமக்கு என்ன உரிமை?